கார்க் கதவைத் திறந்து வைத்தவர்

"ஏறுங்க," என்றார் மேனேஜர், காரின் கதவைத் தள்ளித் திறந்தபடி.

நடைபாதையில் வீசிய கையோடு நின்றார் கிளெய்ம்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வாகன விபத்துக் கோரிக்கைகளை ஆராய்வது அவர் வேலை. பம்பரில் இருக்கும் ஒரு கீறலைப் பார்த்தே, கார் மாட்டில் மோதியதா, மதிலில் மோதியதா, மச்சினனிடம் ஓட்டக் கொடுத்ததா என்று சொல்லிவிடுவார். பிறர் சொல்வதை நம்பாமல் இருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

மாற்றலாகி வந்து இரண்டாவது வாரம். மேனேஜர் கதவைத் திறந்தால் ஏறாமல் இருக்க முடியுமா? ஏறினார்.

இந்த மாற்றல் வந்தபோது அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "இத்தனை வருஷம் ஊருக்கு வெளிய குடிவெச்சீங்க. ஆபீஸ் வேன் வேலைக்குப் போகத்தான் வந்துது; ஒரு நூல்கண்டு வாங்கணும்னாலும் நீங்க எப்ப கார் எடுப்பீங்கன்னு உங்க மூஞ்சியப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். இனிமே நானே நடந்து போய் நானே நடந்து வர்ற எடமா பாருங்க. இல்லேன்னா நீங்க மட்டும் போய் இருங்க."

அவரும் ரோஷத்தோடு காரை விற்றார். புரோக்கர் காட்டிய வீடுகளையெல்லாம் கால் தேய அலைந்து கழித்துக்கட்டி, கடைசியில் ஒரு தெருவைப் பிடித்தார். மரநிழல், அகலமான நடைபாதை, முனையில் காய்கறிக் கடை, தையல் சாமான் கடை, நூலகம். ஆபீசும் பக்கம். பிறகென்ன, நடையைப் பற்றி ஊருக்கே உபதேசம் செய்ய ஆரம்பித்தார். "கால்ங்கறது கடவுள் குடுத்த வண்டி," என்று பியூனைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார். பியூன் தினமும் நடந்து வருகிறவன்.

இப்போது கடவுள் கொடுத்த வண்டி, மேனேஜரின் வண்டிக்குள் மடங்கிக் கிடந்தது.

நடந்தால் குறுக்குச் சந்தில் பொடிநடையாகப் போய்விடலாம். கார் ஒருவழிப் பாதைகளில் ஊரையே பிரதட்சணம் செய்தது. மேடு வந்தால் மேனேஜர் கையில் வண்டி அணைந்துவிடும், பள்ளம் வந்தால் அவர் பெருமூச்சு விடுவார். பேச்சே கிடையாது. நடைபாதையையே ஏக்கமாகப் பார்ப்பார். கோட்டு சூட்டுக்குக் கீழே கான்வாஸ் ஷூ வேறு. பெரிய பதவிக்கு வந்துவிட்டால் எப்படி வேண்டுமானாலும் உடுத்தலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கிளெய்ம்காரர். இத்தனை பழைய காரின் டயர்களில், புது டயரில் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை என்பதையும் கவனித்தார். அடிக்கடி டயர் மாற்றுகிற ஊதாரி என்று முடிவு கட்டினார்.

மறுநாளும் கதவு திறந்தது. அதற்கு மறுநாளும்.

"சார், எனக்கு நடக்கறதுதான் பிடிக்கும்," என்று சொல்லிப் பார்த்தார்.

"சங்கடப்படாதீங்க. காரை வித்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் மேனேஜர் துக்கக் குரலில். "மனுஷனுக்குக் கஷ்டகாலம் வர்றது சகஜம்."

இது வேலைக்காகாது என்று கிளெய்ம்காரர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் சார்."

"எதுக்கு?"

யோசிக்காமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

அவ்வளவுதான். அன்று முதல் மாலையிலும் கார். சீட்டில் ஒரு தலையணை. ஆபீசில் மாடிப்படி பக்கம் போனால் நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். சீக்கிரமே கிளம்பி ஏமாற்றிவிடலாம் என்று விடியும்போதே தெருவில் இறங்கினார். மறுநாளே மேனேஜரும் கொட்டாவி விட்டபடி காரில் காத்திருந்தார். "உடம்பு முடியாதவரே இவ்வளவு சீக்கிரம் வரும்போது..." என்றார்.

வேலையை முடித்துக்கொண்டு வருவதற்காகப் பழைய ஊரிலேயே தங்கியிருந்த மனைவி இரவு போனில் கேட்பாள். "இன்னைக்கு நடந்து போறப்ப என்ன பார்த்தீங்க?"

"ஒரு பூனை," என்பார். மறுநாள் அந்தப் பூனைக்குக் குட்டிகள் பிறக்கும். பொய்க் கோரிக்கைகளைப் படித்துப் படித்து அவருக்கும் கை தேர்ந்திருந்தது.

அவள் வேலையை விட்டுவிட்டு வரும் நாள் நெருங்கியது. வந்ததும் ஆபீஸ் வரை கூடவே நடப்பேன் என்றிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றால் என்ன சொல்வது? மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்; ஆனால் பொய் நெஞ்சுவரை போய்விட்டது. கடைசியில், நடக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நடைத் தெருவைக் காலி செய்து, மேனேஜரின் கார் வராத தூரத்தில், பைபாஸ் ஓரமாக ஒரு வீட்டுக்குப் போனார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை நீளமான ஒரு மதில் சுவர். அதையொட்டி நடக்கலாம்.

செய்தியைச் சொன்னபோது மேனேஜர் காரை ஓரம் கட்டினார். அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, "ரொம்ப நல்ல முடிவு," என்றார். கண்ணில் நீர்கூட எட்டிப் பார்த்தது. இப்படியும் ஒரு பாசமா என்று கிளெய்ம்காரர் நெகிழ்ந்து போனார். அந்த நெகிழ்ச்சியில் குடையைக் காரிலேயே விட்டுவிட்டார்.

மனைவி வந்தாள். பெட்டியைக் கீழே வைக்காமலே ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மதில், புழுதி, லாரி.

"நடக்க நெறைய எடம் இருக்குங்க," என்றாள். "போறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

பிறகு அவள் குரல் இறங்கியது. "நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். மறுபடி ஜன்னலண்ட உக்காரவா?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்து உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பழைய தெருவுக்கு அழைத்துப் போனார். தையல் சாமான் கடைக்குள் நுழைந்தவளை வெளியே கொண்டுவருவது பெரும்பாடாகிவிட்டது. அவர் காலி செய்த வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. "எங்க அந்தப் பூனைக்குட்டிங்க?" என்று அவள் நடைபாதையெல்லாம் தேடியபோது, அவர் பூனையிலிருந்து தலையணை வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். "மொதல்ல போய் மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லுங்க. அப்புறம் வீட்டுச் சாவிய வாங்குங்க."

தெருக் கோடியில் மேனேஜர் குடியிருந்த அடுக்குமாடி. குடையைக் கேட்கும் சாக்கில் இருவரும் போனார்கள். வாசலுக்குப் பக்கத்தில் கார் தலையோடு கால் உறை போர்த்தி நின்றது.

"கார் ரிப்பேராப்பா?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார்," என்றார் காவலாளி. "ஐயா இந்தத் தெருவுல வீடு எடுத்ததே ஆபீசுக்கு நடந்து போறதுக்குத்தான், நடுவுல காரை வித்துட்டு நின்ன யாரோ ஒரு நெஞ்சுவலிக்காரரைக் கூட்டிட்டுப் போகணும்னு, பாவம், சும்மா நின்ன காரை எடுத்து ஓட்டப் பழகிக் கஷ்டப்பட்டாரு, இப்பதான் அந்த ஆளு ஒருவழியா வீட்டைக் காலி பண்ணிட்டாராம்."