குற்றாலத்தில் நான் காப்பாற்றிய மாமா

பாதுகாப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனை நம்பி மட்டும் எங்கேயும் பயணம் போய்விடாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி ஆபீசர். தலையில் ஹெல்மெட் இல்லாத ஆளைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லுகிற ரகம். (நான் லீவில் வந்தால் அம்மா குக்கரையே எடுக்க மாட்டாள்.)

சில வருடங்களுக்கு முன்னால், நல்ல சாரல் சமயத்தில், என் தங்கை உமாவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து தென்காசிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பிரபு, அவருடைய அப்பா, அம்மா. கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில், "ஊருக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். இதற்கு முன்னால் அப்படிச் சொல்லிவிட்டுப் போன குடும்பங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் எல்லார் முகமும் தொங்கிவிட்டது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு அருவில குளிக்காமப் போறதா?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏலே, கூட்டிட்டுப் போயி குளிக்க வச்சுக் கூட்டிட்டு வா. வாயத் தொறக்காத" என்றாள்.

கார் இலஞ்சியைத் தாண்டுவதற்குள் திறந்துவிட்டேன். பாறையில் பாசி வழுக்கும், எண்ணெய் தேய்த்த ஆள் மேல் சாயக் கூடாது, குரங்குக்கு முன்னால் பையைத் திறக்கக் கூடாது, சைரன் ஒலித்தால் வேடிக்கை பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். யாராவது பிரிந்துவிட்டால் கூடுவதற்கு பஜாரில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடையை 'அசெம்பிளி பாயிண்ட்' என்று அறிவித்தேன். மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரிடம், "நாம குளிக்கத்தானே போறோம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இறங்கியதும் எல்லாருடைய சங்கிலி, போன், மூக்குக்கண்ணாடியையும் ஒரு பையில் வாங்கி காருக்குள் வைத்துப் பூட்டச் செய்தேன். என் கண்ணாடியும் அதில் போனது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. என் கண்ணாடி சோடா புட்டி ரகம். அது இல்லையென்றால் மனிதர்கள் எனக்கு வெறும் நிறங்கள். அதற்கும் ஏற்பாடு இருந்தது. கூட்டத்தில் சுலபமாக அடையாளம் காண, ஆண்கள் மூன்று பேருக்கும் சிவப்புக் காசித்துண்டு வாங்கினேன். (குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள் என்பது துண்டு விற்றவருக்குத் தெரியும்.)

மெயினருவியில் பெண்கள் பக்கம் அந்த அம்மா போக, நாங்கள் மூவரும் ஆண்கள் பக்கம் நுழைந்தோம். கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. திடீரென்று தண்ணீர் கலங்கலாகி, முதுகில் மண்வெட்டியால் போடுவதுபோல விழத் தொடங்கியது. சைரன் அலறியது. போலீஸ்காரர்கள் விசில் அடித்தார்கள். கூட்டம் அப்படியே வெளியே சாய்ந்தது. என் வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த தருணம் அதுதான். பிரபு இளவட்டம், தப்பித்துக்கொள்வார். பெரியவர்? பக்கத்தில் வழுக்கைத் தலை, தொந்தி, சிவப்புத் துண்டு தெரிந்தது. கையை எட்டிப் பிடித்தேன்.

"மாமா, பயப்படாதிய. கைய மட்டும் விட்டுராதிய."

அவர் ஏதோ சொன்னார். அருவி இரைச்சலில் கேட்கவில்லை. திமிறவும் செய்தார். பதற்றத்தில் சிலர் திமிறுவார்கள், பிடியை இறுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். இறுக்கினேன். தள்ளுவண்டிகளையும் ஈரத் தலைகளையும் விலக்கிக்கொண்டு சிப்ஸ் கடை வரைக்கும் இழுத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. கடைக்காரர் இரக்கப்பட்டுத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

ஆபத்திலிருந்து காப்பாற்றிய கையோடு கல்யாணத்தையும் பேசி முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"மாமா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதிய. காலையில தந்த கேசரி உமா செஞ்சதில்ல, கடையில வாங்குனது. அவளுக்குக் கோவம் வரும், ஆனா நிக்காது. தங்கமான பிள்ள. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லணும்."

அவர் தேநீரை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார். "நீ சொல்லுதத வச்சுப் பாத்தா நல்ல பிள்ளையாத்தான் தெரியுது, தம்பி. ஆனா எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. கட்டிக் குடுத்தாச்சு. நீ யாருக்குக் கேக்க?"

முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தேன். பெரிய மீசை. மதுரைக்காரருக்கு மீசையே கிடையாது.

"அண்ணாச்சி, அப்ப ஏன் எங்கூட வந்திய?"

"எங்கன விட்ட நீ? போலீசுதான் ஆளு அனுப்பிருக்குன்னு நெனச்சேன். மாமான்னு வேற கூப்பிடுத."

அந்த நேரம் பார்த்து போலீஸ் மைக் கரகரத்தது. "சிவகிரியைச் சேர்ந்த அய்யாத்துரை என்பவரை, சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் இழுத்துச் சென்றுவிட்டதாக அவரது மனைவி புகார் கூறுகிறார்." பஜாரில் சிவப்புத் துண்டு கட்டிய அத்தனை பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று சிப்ஸ் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த அறிவிப்பு எனக்கு. "தென்காசி சேஃப்டி ஆபீசர் சங்கர் எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்கள் உறவினர்கள் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள்."

கண் தெரியாமல் நான் ஒரு வாழைப்பழ வண்டியில் மோதியதைப் பார்த்துவிட்டு, அய்யாத்துரை அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடத்தப்பட்டவர் முன்னால் போக, கடத்திய நான் அவர் கையைப் பிடித்தபடி பின்னால் போலீஸ் மைக் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவருடைய மனைவி, "இந்தப் பாவிதான், இவனேதான்" என்று ஆரம்பித்தார். போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற மதுரைக்காரரிடம், "சார், இந்த ஆளு உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

'பெண் பார்க்க வந்த வீட்டுப் பையன்' என்று சொன்னால், வேற்று ஆள் என்று போலீஸ் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விடும். 'தெரியாது' என்று சொன்னாலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "என் மருமகளுக்கு அண்ணன் சார். நல்ல மனுசன்தான், கண்ணாடிதான் இல்ல" என்றார். பக்கத்தில் அந்த அம்மா, "அப்ப முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். "போலீஸ் கேக்கும்போது என்னம்மா சொல்றது?" என்றார் அவர். பிரபு மட்டும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு அய்யாத்துரை அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். மைத்துனன் முறைக்கு நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போகக் கிளம்பியபோது, மதுரை மாமா மண்டபமே கேட்கிற மாதிரி, "தம்பி, ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை மேளக்காரர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது உமாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சாலையைக் கடக்க நான் கையை நீட்டினால் உடனே பிடிக்க மாட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"மாமா, முதல்ல எம்பேரச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் கையைத் தருவாள்.