ஆளோடு சேர்த்து நாற்காலி

"போன தடவை வந்த நாயை எல்லாம் பொதுமக்கள்ல சேர்க்க முடியாதுய்யா" என்று மேலாளர் சொன்னபோது, குமாஸ்தாவுக்கு அந்த நாயின் மேல்தான் கோபம் வந்தது. வந்ததுதான் வந்தது, ஒரு தடவை குரைத்துவிட்டாவது போயிருக்கலாம். ஆட்சேபணை என்று குறித்துக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி கடலுக்குள் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கப் போகிறது. நடுவதற்கு முன்னால், மீனுக்கு என்ன ஆகும், பறவைக்கு என்ன ஆகும், கரையில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் ஆராய்ந்து, அந்த ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் முன்னால் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கோப்பு நகரும். கேட்கிற வேலை குமாஸ்தாவுடையது.

அவரும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். முதல் தடவை, அறிவிப்பைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டதால் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை மழை. ஒதுங்க ஒரு நாயும், செல்போனுக்குச் சார்ஜ் போட ஒரு மனிதரும் வந்தார்கள். "காற்றாலை பத்தி உங்க கருத்து என்னங்க?" என்று குமாஸ்தா கேட்டதற்கு, "ஃபுல் ஆகட்டும், சொல்றேன்" என்றார் அந்த மனிதர். ஃபுல் ஆனதும் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை மூணாவது கூட்டம்" என்றார் மேலாளர். "தலைமை அலுவலகத்துலேர்ந்து பெரிய அதிகாரி ஒருத்தர் பார்வையாளரா வர்றார். கூடம் காலியா இருந்துச்சுன்னா... மலை மேல நமக்கு ஒரு கிளை இருக்கு, தெரியும்ல?"

"அங்க கடலே இல்லையே சார்?"

"அதனாலதான் அங்க கடல் பிரிவு குமாஸ்தா வேலைக்கு யாரும் போக மாட்டேங்கறாங்க. உம்மை அனுப்பிடலாம்."

"நீங்க கூட்டத்துக்கு வருவீங்கல்ல சார்?"

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்றார் மேலாளர், திங்கட்கிழமையே.

வீட்டில் மனைவி தையல் மெஷினுக்கு முன்னால், உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாற்றல் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவள் ஊசியை எடுத்துவிட்டுப் பேசுகிறாள் என்றால் விஷயம் பெரிது.

"இந்தத் தெருவுல நான் அளவெடுத்தா சரியா இருக்கும்னு இப்பதான் ஜனங்க நம்ப ஆரம்பிச்சிருக்காங்க. அதை விட்டுட்டு நான் எந்த மலைக்கும் வர்றதா இல்ல. நீங்க போங்க. சமைச்சுக்குவீங்கல்ல?"

குமாஸ்தா கடைசியாகச் சமைத்தபோது தீயணைப்பு வண்டி வந்தது. அன்றைக்கு வந்தவர்கள் சொன்ன கருத்துகளை அந்த வீட்டில் இன்றுவரை யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

"அப்படி முழிக்காதீங்க. என் தம்பியைப் போய்ப் பாருங்க" என்று மறுபடி ஊசியைக் கவ்விக்கொண்டாள்.

மச்சினன் நாற்காலி, பந்தல், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். கடைக்குள் நுழைந்தவரை ஏதாவது ஒன்றை எடுக்க வைக்காமல் வெளியே அனுப்பமாட்டான். வழி கேட்க வந்த ஒருவர் அண்டா எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"நாற்காலிதானே அத்தான்? பிரமாதம். வெறும் நாற்காலியா, ஆளோட சேர்த்தா?"

"ஆளோடயா?"

"காலி நாற்காலியைப் பார்த்தா யாருக்குப் பேச்சு வரும்? அதான் இப்ப ஆளையும் சேர்த்தே விடறேன். திறப்பு விழாவா, கைதட்டற ஆள். சாவு வீடா, அழற ஆள். கல்யாணத்துக்கு சொந்தக்காரங்க வரலையா, கோவிச்சுக்கற சித்தப்பா ஒருத்தரே இருக்கார். சாதாரணமா கோவிச்சுக்கிட்டா ஒரு ரேட்டு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனா ஒரு ரேட்டு. மனசு மாறித் திரும்பி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா, அது ஸ்பெஷல்."

"எனக்குச் சித்தப்பா வேணாம் மச்சான். கருத்துச் சொல்ற ஆள் வேணும்."

மச்சினன் மோவாயைத் தடவினான். கேட்ட சரக்கு கைவசம் இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்கிறவன் வியாபாரியே இல்லை.

"புது ஐட்டம். ஆனா இருக்கு. வெள்ளிக்கிழமை, உங்க கூடத்துல, அதானே? லாரி எப்படியும் அங்க வருது."

"எப்படியும் ஏன் வருது?"

"ஒரு வாடிக்கைக்காரர் சங்கதியை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதே இல்ல அத்தான். பந்தலுக்கு எந்தக் கலர்?"

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. குமாஸ்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடை நடுவே தங்க ஃபிரேம் கண்ணாடியோடு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று குமாஸ்தா மரியாதையோடு நினைத்துக்கொண்டார். பக்கத்தில் கம்பெனி இன்ஜினியர். கூரைக்குக் கீழேயும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர். கோட்டுக் கை நீண்டு அவர் விரல்களை மூடியிருந்தது.

கூடத்தின் கடைசியில் தோளில் துண்டோடு மச்சினன் நின்றான். அவன் துண்டுதான் கூட்டத்துக்குக் கடிவாளம்.

இன்ஜினியர் தாளைப் பார்த்துப் படித்தார். "கடலுக்கு அடியில் தூண் இறக்கும்போது வரும் சத்தம் டால்பின்களைத் தொந்தரவு செய்யக்கூடும்."

மச்சினன் துண்டை உதறித் தோள் மாற்றினான். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"சில பறவைகள் காற்றாலையின் இறக்கையில் மோதி இறக்கக்கூடும்."

கைதட்டலோடு விசிலும் சேர்ந்துகொண்டது. பெரிய அதிகாரியின் கைகள்கூடத் தட்டுவதற்குப் பாதி எழும்பிவிட்டன. சட்டென்று சுதாரித்து, அந்தக் கைகளால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

குமாஸ்தா கடைசி வரிசைக்கு ஓடினார். "மச்சான், பறவை சாகுதுங்கறாரு, விசில் அடிக்கறாங்களே!"

"ஓ, துக்கமான ஐட்டமா? முன்னாடியே சொல்லக் கூடாதா அத்தான்?" என்று துண்டால் கண்ணைத் துடைத்தான்.

அவ்வளவுதான். இரண்டாவது வரிசை அம்மாள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "றெக்கை முளைச்ச ராசா, பறக்கற வயசுல போயிட்டியே!" என்று ஆரம்பித்தார். கூடமே மார்பில் அடித்துக்கொண்டது. மிரண்டுபோன இன்ஜினியர் நல்ல சேதிப் பக்கம் தாவினார். "இதனால் மின்சாரம் தடையில்லாமல் கிடைக்கும்!"

"ஐயோ, நாங்க என்ன பண்ணுவோம்!" என்று கூட்டம் கதறியது.

"மீனவர்களுக்கு வேலைவாய்ப்பு..."

"யாருக்கும் வரக் கூடாதுடா சாமி இந்த நிலைமை!"

குமாஸ்தா மறுபடி ஓடினார். "அழுகையும் வேணாம் மச்சான்! கேள்வி. நாலு கேள்வி கேக்கணும். கொஞ்சம் கோவமா."

துண்டு தலைக்கு மேல் சுழன்றது. அம்மாள் அழுகையைப் பாதியில் நிறுத்திக் கூந்தலை முடிந்துகொண்டார். அவர் காதருகே குனிந்து, "பறவைங்க போற பாதையை விட்டு ஆலையைத் தள்ளி வைப்பீங்களான்னு கேளுங்கம்மா" என்று குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார். அம்மாள் கணீரென்று கேட்டார். நல்ல கேள்வி. இன்ஜினியர் தாளைப் புரட்டிப் பதில் சொன்னார்.

அடுத்த நாற்காலிக்காரர் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்தவரும் அதையே கேட்டார். வரிசை வரிசையாக அது பின்னால் போனது. ஐந்தாவது வரிசைக்கு வந்தபோது, எழுந்தவர் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியர் பதிலைச் சொல்லி உட்கார வைத்தார். "நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

"வேற வேற கேக்கச் சொல்லுங்க மச்சான்!"

"சொந்தமா யோசிச்சா?" மச்சினன் முகம் வாடியது. "அதுக்கு அவங்க பழக்கப்படலையே அத்தான். சரி, உங்களுக்காக" என்று துண்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கடிவாளம் போய்விட்டது.

"காத்தை எல்லாம் கடல்லயே நீங்க பிடிச்சு வச்சுக்கிட்டா, கரையில எங்க துணி எப்படிய்யா காயும்?" என்றார் ஒருவர்.

இன்ஜினியர் தாளைத் தேடினார். தாளில் துணி இல்லை. "துணி துவைக்கற அன்னிக்கு நிறுத்தி வச்சுடறோம்" என்றார்.

"எங்க வீட்ல திங்கட்கிழமை."

"வியாழக்கிழமைதான் சரிப்படும்" என்றது இன்னொரு பக்கம். கூடம் இரண்டாகப் பிரிந்தது.

"காத்தாடி நிழல்ல மீனெல்லாம் தூங்கிடுச்சுன்னா?"

"எழுப்பிவிட ஆள் போடறோம்."

"கரையிலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்துல வையுங்க!"

"யார் கண்ணுக்கு?"

கூட்டம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரை முன்னால் தள்ளியது. இன்ஜினியர் அவரை ஆராய்ந்தார். "கண்ணாடியைக் கழட்டிட்டார்னா இந்தக் கூடத்துக்குள்ளயே வைக்கலாம்."

குமாஸ்தா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார். பேனாவில் மை தீருவதற்குள் தன் உயிர் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

"மொத்தம் எத்தனை ஆலை?" என்று அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அறுபது."

"இருபது."

"இருபதா! கட்டுப்படி ஆகாதும்மா. முதலுக்கே மோசம்."

"அப்ப வேற கம்பெனியைப் பார்த்துக்கறோம். எல்லாரும் எந்திரிங்க."

கூடம் மொத்தமும் எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பியது. பேரம் என்று வந்துவிட்டால் யாருக்கும் துண்டு தேவைப்படவில்லை. இன்ஜினியர் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "வாங்கம்மா, வாங்க, கோவிச்சுக்கிட்டா எப்படி? முதல் போணி. உங்களுக்காக நாப்பது."

"முப்பது."

"எடுத்துக்குங்க."

அம்மாள் வெற்றியோடு திரும்பினார். இரண்டடி வைத்ததும் பழக்கதோஷம் பிடரியைப் பிடித்தது. "முப்பது பேசி முடிச்சிருக்கோம், கொசுறு ஒண்ணும் கிடையாதா?"

"கொசுறு போடு! கொசுறு போடு!" என்று கூட்டம் நாற்காலிகளைத் தட்டியது. வேண்டாம் என்று கத்தி விரட்டிய காற்றாலைகளில் ஒன்றைக் கெஞ்சி வாங்கிக்கொண்டபிறகுதான் ஓய்ந்தது.

பெரிய அதிகாரி மேஜையை ஓங்கி அறைந்துகொண்டு எழுந்தார்.

"போதும்! என் வாழ்நாள்ல இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை!"

கூடம் அடங்கியது. அங்கவஸ்திரம் இல்லாத தோளில் அதை உதறிப் போடுவதுபோல் ஒரு வீச்சு வீசிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தார். குமாஸ்தாவின் கண் முன்னால் மலை தெரிந்தது. மலை மேல் ஒரு அறை, அறையில் ஒரு அடுப்பு, அடுப்பு மேல் தீயணைப்பு வண்டி.

"ஐயா! நில்லுங்க ஐயா! ஏதோ தெரியாம நடந்துபோச்சு! எனக்கு மாற்றல் மட்டும் வேணாங்கய்யா, வீட்ல தையல் மெஷின் இருக்கு!"

அதிகாரி வாசற்படியில் நின்றார். முதுகு குலுங்கியது. மெதுவாகத் திரும்பினார். கண்களில் ஈரம். கூடம் முழுவதையும் நடந்து கடந்துவந்து, குமாஸ்தாவை இழுத்து இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எங்கேயும் மாற்றல் கிடையாது. நான் இருக்கேன். நான் சொல்றேன்."

கூட்டம் கைதட்டியது. குமாஸ்தாவுக்கு அந்தக் கைதட்டல் மட்டும் நிஜமாகப் பட்டது.

கூடம் காலியானதும் அவர் மனைவிக்குப் போன் செய்தார். "மாற்றல் இல்லடி! பெரிய அதிகாரியே வாய்விட்டுச் சொல்லிட்டார். தங்கமான மனுஷன். சொந்த சித்தப்பா மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டார்னா பாரேன்."

"அப்ப தையலுக்குப் பக்கத்துல காலியா இருக்கற கடையை வாடகைக்கு எடுத்துடட்டுமா? இப்பவே பேசி முடிச்சுடறேன்" என்றாள் மனைவி. குரலில் ஊசி இல்லை.

"தாராளமா எடு!"

போனை மூடிச் சட்டைப்பையில் போட்டார். வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. அடுக்கிய நாற்காலிகள் ஏறின, கரண்டி மூட்டை ஏறியது, அதன் மேல் ஒரு ஹெல்மெட்டும் ஏறியது. குமாஸ்தா வழியில் நின்று புன்னகை செய்துகொண்டிருந்ததால் லாரி டிரைவர் அவர் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் ஒதுங்குங்க சார், இன்ஜினியர் ஏறியாச்சு, உங்க பெரிய அதிகாரியைத்தான் காணோம், தலைமை ஆபீஸ்ல அவரை மத்தியானம் வரைக்கும்தான் வாடகைக்கு எடுத்திருக்காங்க, ராத்திரி கல்யாணத்துல கோவிச்சுக்கற சித்தப்பா அவர்தானே!"