இடம் மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் ஊர் கூசா ஆற்றங்கரையில் ஆமை உண்டு, கொக்கு உண்டு, நீர்நாய் உண்டு. இவற்றோடு இடம் சொல்லாதார் என்றோர் இனமும் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். அவர் மீன் பிடித்த போட்டோவைப் பாருங்கள். மீன் இருக்கும், அதைத் தூக்கிப் பிடித்தபடி அவர் இருப்பார், பின்னால் இருக்க வேண்டிய ஆறு மட்டும் இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கார் கொட்டகையின் கதவுக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ அது. மரம், மேடு, கல் எதுவும் தெரிந்துவிடக் கூடாதாம்!

எங்கள் ஊர் இடம் சொல்லாதார் ஹோலிஸ் டாட்லாக், காகித ஆலையில் இருந்து ஓய்வுபெற்றவர். புள்ளி பாஸ் மீனை எப்படிப் பிடிப்பது என்று அவரைக் கேளுங்கள், உங்கள் காபி ஆறி அதில் ஈ விழும்வரை சொல்வார்: அது தன் அண்ணனான பெரியவாய் பாஸைப் போலப் பாசிக்குள் சோம்பிக் கிடக்கிற மீன் இல்லை, ஓடுகிற தண்ணீரில் நின்று சண்டை போடுகிற மீன், பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலுமே அந்தச் சுழலின் ஓரத்தில்தான் காத்திருக்கும், மெல்லிய தூண்டில் நரம்பு போட வேண்டும், விரல் நீள ரப்பர் புழு போதும், ஈயத்தலை வைத்த சின்ன முள்ளில் அதைக் கோத்து மேல்பக்கம் எறிந்து தண்ணீரோடு உருளவிட வேண்டும், கடித்தது தெரிந்ததும் வெடுக்கென்று இழுக்காமல் நரம்பு கனக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிடித்த பிறகு நாக்கை விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், அப்படியென்றால் அது புள்ளிக்காரனேதான்!

எப்படி என்பதில் வள்ளல். எங்கே என்பதில்?

"எங்க பிடிச்ச ஹோலிஸ்?"

"வாயில."

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு சொல் வராது. காலையில் படகை எடுத்தால் முதலில் ஆற்றின் கீழ்ப்பக்கம் போவார். வளைவு தாண்டி மறைந்ததும் எதிர்க்கரையை ஒட்டித் திரும்பி மேலே போவார். வேறு படகு எதிரே வந்தால் தூண்டிலைத் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு ரொட்டி தின்பார். ஒருமுறை முள்ளில் பெரிய மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே நான் கடந்துபோனேன். தொடை தனியாக ஆடியது. "குளிரு" என்றார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மார்ச் மாத முற்பகலில் ஆபத்து வந்தது.

அணைக்குக் கீழே தூண்டில் இரை விற்கும் வெர்லனின் கடையில் நாங்கள் சிலர் உப்புப் போட்டு வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். ஹோலிஸின் மனைவி நடீன்தான் அங்கே கல்லாவில் இருப்பவள். வெர்லனுக்கு ஹோலிஸிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"வெர்லன், இஞ்சின் விசிறி கல்லுல அடிச்சு முறிஞ்சிருச்சு. படகு ரெண்டு பாறைக்கு நடுவுல சிக்கிக்கிச்சு."

"எங்கப்பா இருக்க?"

"ஆத்துல."

"ஆத்துல எங்க?"

குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல."

"பொய் சொல்லாத. யாரோ கடலை மெல்லுற சத்தம் கேக்குது!"

எல்லா வாயும் நின்றது. அந்த நேரம் பார்த்து அணையில் சங்கு ஊதியது. ஜன்னல் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஆற்றில் தண்ணீர் ஓர் ஆள் உயரம் ஏறிவிடும்.

"கேட்டுச்சா? தண்ணி வருதுப்பா! இடத்தைச் சொல்லித் தொலை!"

"ஒரு கயிறு மட்டும் அனுப்பு. நான் பாத்துக்கிறேன்."

"எந்த விலாசத்துக்குய்யா அனுப்புறது?"

"நீ மட்டும் வா. கண்ணைக் கட்டிக்கிட்டு வர்றியா?"

"படகு ஓட்டுறவன் நான்யா!"

சிரித்துவிட்டோம். நடீன் சிரிக்கவில்லை. கல்லாவை விட்டு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"ஹோலிஸ், மிதவைச் சட்டை போட்டிருக்கியா?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன். பலகை குத்துது."

"எடுத்து மாட்டு. படகை விடு, போனாப் போகுது. நீ இருக்குற பிளந்த பாறையில வலது பக்கம்தான் உசரம். பழைய ஓடத்துறையைப் பாத்த பக்கம். அதுல ஏறிக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, வர்றாங்க."

தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"உனக்கு... யாரு சொன்னது?"

போன் தொடர்பு அறுந்தது.

படகுத்துறைக்கு ஓடினோம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒருவர்கூட வழி கேட்கவில்லை. பெரிய வளைவில் எல்லாப் படகும் ஒரே பக்கம் திரும்பின, மூழ்கிய மரத்தை எல்லாரும் ஒரே மாதிரி விலகிப் போனார்கள். ஹோலிஸ் தேவாலயத்தில் பாடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மீன் பிடிக்கப் போய்ப் பழகிய பாதை அது. நானும்தான்.

நாங்கள் போனபோது தண்ணீர் பழுப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. ஹோலிஸ் பாறையைக் கட்டிப்பிடித்திருந்தார், இடுப்புவரை வெள்ளம். எங்கள் கண்ணெதிரே அவருடைய அலுமினியப் படகு எழும்பி, கவிழ்ந்து, அடுத்த பாறையில் மோதி நசுங்கிப் போனது. வெர்லன் இரண்டு தடவை நெருங்கினான், இரண்டு தடவையும் தண்ணீர் தள்ளிவிட்டது. அடுத்த தடவை சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டோம்.

உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்தது. உயிர் பிழைத்தவர் முதலில் என்ன சொல்வார்? நன்றி என்பார், கடவுளே என்பார்.

"எப்படி இங்க வந்தீங்க?" என்றார் ஹோலிஸ்.

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வெள்ளம் செய்யாததை எங்கள் பதில் செய்துவிடும் போலிருந்தது அந்த முகம். வெர்லன் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான்.

"தேடித்தான்யா வந்தோம். எங்கெங்கயோ அலைஞ்சோம். இப்படி ஒரு இடம் இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியும்."

"ஆமா ஆமா" என்றோம் எல்லாரும். அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

"இனிமே இந்தப் பக்கம் வந்துராதீங்க. மீனே கிடையாது."

கரையில் நடீன் அவர் தலையைத் துவட்டினாள், அழுதாள், முதுகில் ஒன்று வைத்தாள். அவர் அவள் காதில் ஏதோ கேட்டார். "கனவுல வந்துச்சு" என்றாள். நம்பினார். வேறென்ன செய்வார், பாவம். பிறகு சில வாரம் மரியாதைக்காக நாங்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகவில்லை. சில வாரம்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, தூண்டிலையே தொட்டதில்லையே என்கிறீர்கள். சரி. அந்தப் பட்டுச் சேலை எங்கே எடுத்தது என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோது என்ன சொன்னீர்கள்? பையனுக்கு டியூஷன் எங்கே என்று கேட்டவருக்கு? வலிக்காமல் பல் பிடுங்குகிற அந்த டாக்டர்? "அந்தப் பக்கம் எங்கயோ" என்று கையை ஆட்டினீர்களே. கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், எங்களைப் போலவே மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாரே.

ஏன் என்று யோசித்தீர்களா?