எர்ணாகுளத்துக்காரி

"ஜலஜே, முதல் ரெண்டு வரி முழங்குது. மூணாவது வரி வந்ததும் குரல் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. என்ன சமாச்சாரம்?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஸ்ஸைனார் கேட்டார்.

"மூணாவது வரியில என்ன இருக்குன்னு தெரியுமா இக்கா?"

"நான்தானே எழுதினேன்."

"'ஆப்பிளுக்கு ஓட்டுப் போட்டு ஏமாந்தது போதும் தாய்மார்களே!' அந்த ஆப்பிளுக்காகச் சோறு தண்ணி மறந்து அலையற ஆளுக்குத்தான் நான் தினமும் சோறு போடறேன்."

அஸ்ஸைனார் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். பாலோட்டுமுக்கு பஞ்சாயத்தின் ஏழாம் வார்டில் வாத்தியார் சாத்துக்குட்டி மாஷுக்குக் குடைச் சின்னம், ரோஹிணி டீச்சருக்கு ஆப்பிள். ஜலஜாவின் கணவன் விஜயன் டீச்சர் கட்சியின் ஆள். காலண்டரில் ஆப்பிள் படம் வந்தாலே எழுந்து நிற்கிறவன்.

"அப்ப வேண்டாம்னா விட்டுடு. வடகரையிலேர்ந்து வேற யாரையாவது..."

"நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்? இன்னொரு டேக் போடுங்க."

பதினோரு வருஷமாக ஜலஜா அரசு ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறாள். "உன் குரலைக் கேட்டாலே பாதி நோய் போயிடுது" என்று யாரோ ஒரு நோயாளி ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை மறந்திருப்பார். ஜலஜா மறக்கவில்லை. விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் குரல் கொடுப்பது என்று முடிவு கட்டி, போனில் பதிவு செய்த மாதிரிகளை ஏழு ஸ்டுடியோக்களுக்கு அனுப்பினாள். ஆறு பேர் பதிலே போடவில்லை. கோழிக்கோட்டு ஸ்டுடியோ மட்டும் போன் செய்தது. "எந்த ஊரு? பாலோட்டுமுக்கா? சரி, சொல்றோம்." அதோடு சரி.

இப்போது அஸ்ஸைனாருக்கு வழக்கமாகக் குரல் கொடுக்கும் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். பேக்கரிக்கு மேல்மாடியில் முட்டை அட்டைகள் ஒட்டிய ஒரே அறைதான் ஸ்டுடியோ. இருந்தாலும் மைக் மைக்தான். ஐந்தாவது டேக்கில் மூன்றாவது வரியும் முழங்கியது.

மறுநாள் காலை குடைக்காரர்களின் ஜீப் வார்டைச் சுற்றியது. சாயங்காலம் விஜயன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தான்.

"எடீ, குடைக்காரன் வண்டிய கேட்டியா?"

ஜலஜாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "ஏன், என்ன?"

"குரல்னா அது குரல்டீ! எர்ணாகுளத்துலேர்ந்து இறக்கியிருக்கானுங்களாம். சினிமாவுக்கெல்லாம் டப்பிங் பேசறவளாம்."

"உங்களுக்கு... எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லையா?"

"நான் எங்க போய்க் கேக்கறது? நம்ம ஊர்ல அப்படி ஒரு தொண்டை யாருக்கு இருக்கு? மீன்கறி இன்னும் கொஞ்சம் ஊத்து."

மாட்டிக்கொள்ளவில்லை என்று மூச்சு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. இருபத்தொரு வருஷம் இந்த மனுஷனை இதே குரலால் எழுப்பி, இதே குரலால் திட்டி, இதே குரலால் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். மீன் துண்டு இல்லாத வெறும் குழம்பாகப் பார்த்து ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அஸ்ஸைனாரிடமிருந்து போன்.

"ஜலஜே, டீச்சர் கட்சிக்காரங்க வந்துட்டுப் போனாங்க. அந்த எர்ணாகுளத்துக்காரி எங்களுக்கும் வேணும்னு ஒரே பிடி. வந்து கேட்டது யாரு தெரியுமா? உன் புருஷன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன். முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

ஏழு ஸ்டுடியோ சீந்தாத குரலை இரண்டு கட்சிகள் தேடி வருகின்றன. இதற்குப் போய் முடியாது என்று சொல்ல ஜலஜாவுக்கு வாய் வரவில்லை.

"பேசறேன். ஆனா குரலை மாத்திப் பேசறேன்."

மூக்கைக் கொஞ்சம் அடைத்து, தொண்டையைக் கீழே இறக்கி, ஆப்பிளுக்கு வேறொருத்தியாகப் பேசிக் கொடுத்தாள். அவளுக்கே திருப்தியாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் விஜயன் பொரிந்து தள்ளினான்.

"எர்ணாகுளத்துக்காரிய கேட்டா அந்த அஸ்ஸைனார் யாரோ ஒருத்தி பேசினத அனுப்பியிருக்கான். உள்ளூர்க் கோழி சளி பிடிச்சுக் கொக்கரிச்ச மாதிரி! தூக்கி எறிஞ்சுட்டு வந்தேன். அசல் குரல் வந்தா வேலை, இல்லாட்டி வேற ஸ்டுடியோன்னு சொல்லிட்டேன்."

அன்றைக்கும் வெறும் குழம்புதான்.

மறுநாள் ஜலஜா மூக்கை விட்டுவிட்டு சொந்தக் குரலிலேயே ஆப்பிளுக்கு முழங்கினாள். கலைஞருக்குக் கட்சி கிடையாது என்று அஸ்ஸைனார் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தினார். விளைவு, ஏழாம் வார்டில் ஒரே குரலில் இரண்டு ஜீப்புகள் சுற்ற ஆரம்பித்தன. காலையில் குடை ஜீப், "அஞ்சு வருஷமா தெருவிளக்கு எங்கே?" என்று கேட்கும். மத்தியானம் ஆப்பிள் ஜீப், "கண்ணைத் திறந்து பாருங்க, தெரியும்!" என்று பதில் சொல்லும். சந்தியில் இரண்டும் எதிரெதிரே வந்துவிட்டால் ஜலஜா ஜலஜாவைக் கிழித்து எடுப்பாள்.

"அவளே கேக்கறா, அவளே பதில் சொல்றா. நம்மள வாயத் திறக்க விடமாட்டேங்கறா. வீட்டுல இருக்கற மாதிரியே இருக்குப்பா," என்றார் சாயாக்கடையில் ஒரு பெரியவர்.

சிக்கல் ஆஸ்பத்திரியில் முளைத்தது.

"டோக்கன் நாற்பத்தாறு!" என்று ஜலஜா கூப்பிட்டதும், குழந்தையோடு எழுந்த பெண் அப்படியே நின்றாள். "அய்யோ, இது குடைக்காரி குரல்ல?"

"குடையா? ஆப்பிள்காரி குரல்," என்றது பின் பெஞ்சு.

"ஒரு வாரமா எங்க வாசல்ல கத்தறா, எனக்குத் தெரியாதா? குடைதான்!"

ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவர்கள் தேர்தலில் ஒரு கட்சிக்குப் பேசினால் நடவடிக்கை என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கையே ஒட்டியிருந்தது. ஜலஜா சட்டென்று இருமினாள். "டோக்கன் நாற்பத்தேழு" தகரத்தைத் தரையில் இழுத்தது போல வெளியே வந்தது. அன்று முழுக்க அப்படியே இழுத்தாள்.

சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வாரமாக மைக்கில் முழங்கிய தொண்டை, சிவக்காமல் என்ன செய்யும்?

"பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வீட்டுலகூட. லீவு எழுதிட்டேன்."

ஜலஜா சீட்டோடு வீட்டுக்குப் போனாள். சீட்டைப் படித்த விஜயனின் முகம் மலர்ந்தது.

"பத்து நாளா? அந்த டாக்டர் நல்லா இருக்கணும்!"

அவள் மகளின் பழைய நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'சிரிக்காதீங்க.'

"சிரிக்கலடீ." மிளகும் கற்கண்டும் வாங்கி வந்து, சுக்கு தட்டிப் போட்டுத் தானே காப்பி வைத்துக் கொடுத்தான். "ஒண்ணு சொல்றேன் கேளு. வீட்டுல இருந்தா போறவ வர்றவகிட்டப் பேசத் தோணும். பகல்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. சாயங்காலமா வா. சமையல நான் பார்த்துக்கறேன்."

புருஷன் இவ்வளவு வெள்ளந்தியாக இருப்பது ஜலஜாவுக்கே பாவமாக இருந்தது. மறுநாளிலிருந்து அக்கா வீட்டுக்கு என்று கிளம்பி ஸ்டுடியோவுக்குப் போனாள். சுக்குக் காப்பியில் குரல் முன்னைவிடக் கணீரென்று ஆனது.

கடைசி நாள் வந்தது. பிரசாரம் ஓய்கிற சாயங்காலம் கொட்டிக்கலாசம். இரண்டு கட்சிகளும் செண்டை, கொடி, பட்டாசோடு சந்தியில் கூடி ஆறு மணி வரைக்கும் அலறுவார்கள். அன்றைக்கு மட்டும், பதிவு செய்த குரல் போதாதாம், எர்ணாகுளத்துக்காரி நேரில் பேச வேண்டுமாம். மாஷும் கேட்டார், டீச்சரும் கேட்டார்.

"ரெண்டு பேர்கிட்டயும் சரின்னு சொல்லுங்க," என்றாள் ஜலஜா.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு ஜீப்புல எப்படி நிப்பே?"

"எதுக்கு நிக்கணும்? சந்தி நம்ம ஜன்னலுக்குக் கீழதானே இருக்கு. ரெண்டு மைக், ரெண்டு வயர். வயரைக் கீழ இறக்கி அவங்க ஜீப்புல சொருகிடுங்க. கலைஞர் யார் கண்ணிலயும் படமாட்டாங்கன்னு சொல்லிடுங்க."

அஸ்ஸைனார் ஒரு வயருக்குச் சிவப்பு டேப், இன்னொன்றுக்குப் பச்சை டேப் சுற்றினார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஐந்து மணி. சந்தியில் எள் விழ இடமில்லை. ஜலஜா இடது மைக்கைப் பிடித்தாள். "வெயிலானாலும் மழையானாலும் நமக்குக் குடை! சாத்துக்குட்டி மாஷுக்கே உங்கள் ஓட்டு!"

ஆப்பிள் ஜீப்பிலிருந்து அது பிளந்துகொண்டு வந்தது.

செண்டை நின்றது. டீச்சர் தன் ஜீப்பின் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். ஜலஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரமாக வலது மைக்குக்குத் தாவினாள். "ஆப்பிளே நம் வார்டின் ஆரோக்கியம்!" அது குடை ஜீப்பிலிருந்து வந்தது.

"துரோகி! வண்டிய விலைக்கு வாங்கிட்டியாடா?" என்று ஒருவன் கத்தினான். கொடிக்கம்புகள் திரும்பின. யாரோ ஒருவன் வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தான். ஜீப், கம்பம், பேக்கரி போர்டு, மாடி, ஜன்னல்.

"அட, நம்ம டோக்கன் ஜலஜா!"

நானூறு முகங்கள் மேலே திரும்பின. அஸ்ஸைனார் மேஜைக்கு அடியில் போய்விட்டார். "ஜன்னலைச் சாத்து ஜலஜே! பின்பக்கப் படி வழியா ஓடிடலாம்!"

ஜன்னலைச் சாத்தினால் குரலையும் சேர்த்துச் சாத்த வேண்டியதுதான். கீழே இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜலஜா இரண்டு மைக்கையும் இரண்டு கையில் எடுத்தாள்.

"எல்லாரும் உக்காருங்க!"

இரண்டு ஜீப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்த அந்தக் குரல் பிரசாரக் குரல் இல்லை. பதினோரு வருஷமாக அந்த ஊர் காய்ச்சலோடும் இருமலோடும் கேட்டுப் பணிந்த குரல். முன்வரிசை தன்னையறியாமல் தரையில் உட்கார்ந்தது. சட்டையைப் பிடித்திருந்தவர்கள் சட்டையை விடாமலே உட்கார்ந்தார்கள்.

"முண்டியடிக்க வேண்டாம். எல்லாரையும் பார்த்துட்டுத்தான் போவோம். டோக்கன் ஒண்ணு, குடை! மாஷ் பேசுங்க, அஞ்சு நிமிஷம். டோக்கன் ரெண்டு, ஆப்பிள்! டீச்சர் தயாரா இருங்க. செண்டைக்காரங்க ஓரமா!"

ஆறு மணி வரைக்கும் முறை வைத்துப் பேசினார்கள். அப்படி ஒழுங்கான கொட்டிக்கலாசத்தை அந்த ஜில்லாவே பார்த்ததில்லை என்று பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் சொன்னார்.

ஜலஜா கூட்டத்தில் விஜயனைத் தேடினாள். அவன் ஆப்பிள் கொடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறான் என்று அவள் நினைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஓ... நீதானா அது?"

"பன்னிரண்டு நாளா ஊரெல்லாம் கேட்டுது. கட்டின புருஷனுக்கு அடையாளம் தெரியல!"

"மைக்குல எல்லாக் குரலும் ஒண்ணுதான்டீ."

அதற்குப் பிறகு ஜலஜா அவனோடு பேசவில்லை. இந்தத் தடவை டாக்டர் சீட்டு தேவைப்படவில்லை.

குடை பதினோரு ஓட்டில் ஜெயித்தது. தன்னை இரண்டாவது டோக்கனாகக் கூப்பிட்டதால்தான் தோற்றேன் என்று டீச்சர் வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார். "ஒரு கட்சிக்குப் பேசினா நடவடிக்கைன்னு போட்டிருக்கு. ரெண்டுக்கும் பேசினா என்ன பண்றதுன்னு போடலியே," என்று மூடி வைத்துவிட்டார். சந்தியில் யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. ஐந்தாம் நாள் கோழிக்கோட்டு ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. "பாலோட்டுமுக்கு டோக்கன் சேச்சியா? ஒரு தேங்காயெண்ணெய் விளம்பரம் இருக்கு. சனிக்கிழமை வர முடியுமா?"

சனிக்கிழமை, குடைக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிய சத்தார் கோழிக்கோட்டுக்குச் சரக்கு எடுக்கப் போனான். ஜலஜா முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நல்ல புடவை, கையில் வெந்நீர் பிளாஸ்க். புறப்படும்போது விஜயன் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வடகரை தாண்டியும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"நீயே சொல்லு சத்தாரே. ஊரே மெச்சின குரல். கோழிக்கோட்டுக்காரன் தேடி வந்து கூப்பிடறான். என் வீட்டுல இருக்கற ஆளுக்கு மட்டும் காது செவிடு."

சத்தார் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தச் சத்தியத்தை இனிமே காப்பாத்த முடியாது சேச்சி. முதல் நாள் நம்ம ஜீப் ரேஷன் கடை வளைவுகூடத் தாண்டல, விஜயேட்டன் குறுக்கே விழுந்து வண்டிய நிறுத்தி, 'இது என் ஜலஜாடா, யார் கேட்டாலும் எர்ணாகுளத்துக்காரின்னு சொல்லு, உள்ளூர்க்காரின்னு தெரிஞ்சா ஒருத்தனும் மதிக்க மாட்டான்'னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போனாரு!"