இதைவிடப் பெரிய கஷ்டம்

பத்திரக்காரர் என்றொரு இனம் உண்டு. நன்கொடைப் பொருள் எங்கே வந்து இறங்குகிறதோ, அங்கே அதற்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு இவரும் வந்து நிற்பார். உங்கள் ஊரில் இவருக்கு வேறு பெயர் இருக்கலாம். எங்கள் அந்தமான் தீவு ஹட் பேயில் ராஜமாணிக்கம். குழந்தைகள் நலச் சங்கத்தின் செயலாளர்.

மெயின்லேண்டிலிருந்து சங்கத்துக்குப் பால் பவுடர் டப்பாக்கள் கப்பலில் வரும். ஒவ்வொன்றையும் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி, துடைத்து, பலகைமேல் அடுக்கி, எலி புகாமல் சுற்றிலும் தகரம் அடித்து, மழை படாமல் தார்ப்பாய் போர்த்தி, கொட்டகையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். குழந்தைகளுக்குத்தான் தரமாட்டார்.

ஏன்? "இதைவிடப் பெரிய கஷ்டம் வந்தா என்ன செய்றது?" என்பார்.

கப்பல் மூன்று வாரம் வராமல் அரிசி தீர்ந்தது. அது கஷ்டமில்லை, தாமதம். புயலில் ஏழு வீட்டுக் கூரை பறந்தது. அதுவும் கஷ்டமில்லை, காற்று. கஷ்டம் பின்னால் வருமாம். பறந்ததில் ஒன்று அவருடைய கூரை! தன் பிள்ளைகளுக்குக்கூட அவர் ஒரு டப்பா எடுக்கவில்லை. தவறாக நினைக்காதீர்கள், மனிதர் நேர்மையானவர். திருடராக இருந்திருந்தால் யாராவது அந்தப் பாலைக் குடித்திருப்பார்கள்.

போன மாதம் மீனவர் குடியிருப்பில் கிளாராவின் இரண்டு வயது மகளுக்கு மலேரியா. காய்ச்சல் விட்டது, கஞ்சி இறங்கவில்லை. பால் கொடுக்காவிட்டால் பிள்ளை தேறாது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். கடையில் பால் பவுடர் தீர்ந்து பத்து நாளாகியிருந்தது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு டப்பா."

"பாப்பா அழுவுறாளா?"

"அழுவுறா."

"அழத் தெம்பு இருக்குல்ல? ஃபிக்கர் மத் கரோ, கவலப்படாத."

மறுநாளும் போனாள்.

"இன்னிக்கு அழல, அண்ணாச்சி."

"பாத்தியா, தேறிட்டா!"

கூடப் போயிருந்த பக்கத்து வீட்டுச் செல்வம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எம்புட்டுப் பெரிய கஷ்டம் வேணும்னு அளவு சொல்லுங்க அண்ணாச்சி, கொண்டாந்து தாரோம்."

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. புதிதாக நாற்பது டப்பாக்கள் கைவண்டியில் வந்து கொட்டகை வாசலில் நின்றன. உள்ளே இடமில்லை. இடம் பண்ணுவதற்காக, ஆம், அதற்காக மட்டும், ராஜமாணிக்கம் பழைய டப்பா ஒன்றைத் திறந்தார். ஈரக் காற்றுக்குப் பூட்டு ஏது? பவுடர் மஞ்சளாகக் கல்லாகிக் கிடந்தது.

"இந்தா கிளாரா, உடைச்சுக் கரைச்சுக் குடு."

கிளாரா விரலால் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது. அதைக் கைவண்டியில் வைத்துவிட்டு, ஒரு புது டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அரே, அது இன்னும் உள்ளயே வரலியே!"

"அதனாலதான் எடுத்தேன். அந்தக் கல்லு டப்பாவ நீங்களே வச்சிக்கங்க அண்ணாச்சி. இதவிடப் பெரிய கஷ்டம் வந்தா கரைச்சுக்கலாம்."

அன்று மாலை பிள்ளை அரை டம்ளர் குடித்தது. மூன்றாம் நாள் ஊர் கேட்க அழுதது. இப்போதெல்லாம் கப்பல் ஊதினால், செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் தாய்மார்கள் கப்பல் துறையில் நிற்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? 'உண்மையான ஏழைக்கு' என்று டிரங்குப் பெட்டியின் அடியில் போட்ட கம்பளி என்ன ஆயிற்று? பள்ளி முடித்ததும் 'தகுதியான பிள்ளைக்கு' என்று கட்டிவைத்த பாடப் புத்தகங்கள்? கரையான் தகுதி பார்ப்பதில்லை. போய்த் திறந்து பாருங்கள். சாவியைத் தேடிக் கை தானாக இடுப்புக்குப் போகிறதா?

வணக்கம், செயலாளர் அவர்களே.