நஞ்சுண்டன் நிறுவியது போல

"ஏனுங்க, எங்க சாரோட ஈமெயில் விலாசம் மேற்கோளாயிப் போச்சுங்க" என்றாள் சண்முகப்ரியா.

கதிரேசன் எட்டிப் பார்த்தான். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், நெறியாளரின் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் ‘(ஜிமெயில், ஆண்டு இல்லை)’ என்றிருந்தது.

வேலை போன பிறகு அவன் எழுதிய மென்பொருள் அது. வெறும் எழுத்தாகத் தட்டி, நடுவில் சில குறிகளைப் போட்டால், அச்சுக்கேற்ற பக்கமாக்கித் தரும். உலகம் முழுக்க அதற்கு ஒரே ஒரு பயனாளர். அவளையும் தாலி கட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கொங்குச் சந்தைகளைப் பற்றிய அவள் ஆய்வேட்டுக்காகவே மேற்கோள் வசதியைச் சேர்த்திருந்தான். @ குறியோடு நூலின் சுருக்கப் பெயரைத் தட்டினால், ஆசிரியர் பெயரும் ஆண்டும் தானாக வந்து உட்காரும்.

"சதுர அடைப்புக்குள்ள இருந்தா மட்டும் மேற்கோள்னு மாத்திப்போட்டேன், கண்ணு."

ஈமெயில் பிழைத்தது.

"அதுசரி, நஞ்சுண்டன் ஏனுங்க இங்க வந்தாரு? பக்கத்துக்குப் பக்கம் வாராரு."

நெறியாளர் வெங்கடபதியின் அப்பா. ஏதோ ஓர் ஆய்விதழ் இனிஷியலை விரிக்கச் சொன்னதால், அவர் ‘வெங்கடபதி நஞ்சுண்டன்’ என்று எழுதிவந்தார். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்ற வெளிநாட்டு விதியை அப்படியே நிரலாக்கியிருந்தான் கதிரேசன். அவன் பெயரைக் கொடுத்திருந்தாலும் அவன் அப்பாதான் வந்திருப்பார்.

"போச்சு! தம்பேரு எத்தன எடத்துல வருதுன்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் சார் கையெழுத்தே போடுவாருங்க. நாளைக்குக் கடைசி நாளு. இனி நீட்டிப்பும் கெடையாது."

முதல் சொல்லை எடுக்கும்படி மாற்றினான். அறிஞர்கள் அத்தனை பேரும் ‘முனைவர்’ ஆனார்கள். ‘முனைவர் கூற்றை முனைவர் மறுக்க, முனைவர் அதை ஏற்கிறார்.’

"நாலு வருசப் பொழப்புங்க இது" என்றாள். அழுதிருந்தால் தேவலை. அவள் அழவில்லை.

பழைய விதிக்கே திரும்பி, வெங்கடபதியின் பெயரை மட்டும் தலைகீழாக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தான். அவனை இனி நம்புவதற்கில்லை என்று, நூற்பட்டியலில் அதே பெயரை அவளும் தலைகீழாக்கி வைத்தாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. திருப்பியதையே திருப்பினால் எந்தப் பக்கம் மேலே வரும் என்பது தோசை சுடுகிறவர்களுக்குத் தெரியும். பைண்டிங் கடையை மூடுகிற நேரமாகிவிட்டதால், யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் போத்தனூரில் வெங்கடபதியின் வீட்டுக்கு மழையில் நனைந்தபடி போனார்கள். கூடத்தில் நாற்காலியில் இருந்த பெரியவர் இவர்களைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, மோட்டர நிறுத்தச் சொல்லுங்க அந்தாளை" என்றார். ‘அந்தாள்’ வெங்கடபதிதான்; இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"அவருதான் நஞ்சுண்டன்" என்று ப்ரியா கிசுகிசுத்தாள். "தோட்டத்த சார் வித்ததுலிருந்து அப்பனும் மவனும் பேசிக்கறதில்லீங்க. வருசக் கணக்காச்சு."

வெங்கடபதி எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். பேனாவை மூடினார்.

"என்னங்க இது?" உரக்கப் படித்தார். "‘சந்தைகளின் பெருமையை முதலில் உணர்ந்தவர் நஞ்சுண்டன்.’ ‘நஞ்சுண்டன் நிறுவியது போல.’ ‘நஞ்சுண்டனின் கருத்தை இன்றுவரை மறுப்பாரில்லை!’"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"சார், அது வந்துங்க..." என்று கதிரேசன் வாயெடுத்தான்.

"எம்பேரு ஒரு எடத்துலகூட இல்ல! இதுக்கு நான் கையெழுத்துப் போடோணுமா?"

ஓரத்து நாற்காலி கிறீச்சிட்டது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு, நேராக மகனைப் பார்த்தார்.

"வெங்கடபதி, அப்பங்கிட்ட மன்னாப்புக் கேக்கறதுக்கு இத்தாச்சோட்டுப் பெரிய புஸ்தகமெல்லாம் எதுக்குடா கண்ணு? அந்தப் புள்ளைக்குக் கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வா, சோறுண்ணலாம்."