எங்கள் தெருவில் குவிந்த சோஷலிசம்

உலகத்தில் எத்தனையோ புரட்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் வீட்டு முன்பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த புரட்சி எங்கள் தெருவுக்கு மட்டுமே வாய்த்தது. வரலாறு இதை மறந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சோஷலிஸ்ட் கட்சி அதுவரை நாடு முழுவதும் பரவியிருந்தது. பரவியிருந்தது என்றால், ஊருக்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இப்படிச் சிதறிக் கிடந்தால் சோஷலிசம் எந்தக் காலத்தில் வருவது என்று மாநாட்டில் ஒரு பேராசிரியர் கண்கலங்கினாராம். எல்லாரும் ஒரே பகுதியில் போய்க் குடியேற வேண்டும், அங்கே பெரும்பான்மை ஆக வேண்டும், அதைப் பார்த்து மற்ற பகுதிகள் தாமாகவே திருந்தும் என்று தீர்மானமாயிற்று. இதற்குக் 'குவிப்புக் கோட்பாடு' என்று பெயர். எந்தப் பகுதி என்பதில் மட்டும் சிறு கருத்து வேறுபாடு, நாற்காலிகள் உடைந்தன. கடைசியில், உழைப்பாளிகள் மிக நெருக்கமாக வாழும் இடம் என்று ஆடைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெரு தேர்வானது. நெருக்கம் உண்மைதான். பக்கத்து அறை லாரிக்காரர் புரண்டு படுத்தால் எங்கள் சுவரில் காலண்டர் ஆடும்.

முதலில் வந்தவர் செயலாளர் தோழர். மெல்லிய மனிதர், கனமான மூக்குக்கண்ணாடி. அம்மா அப்போதுதான் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, தலைமுடியில் ஒட்டிய நூல் பிசிறுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இனிமே நீங்க தனியா இல்ல. நாங்க எல்லாரும் உங்களோடவே இருக்கப் போறோம்."

அம்மா கலவரத்துடன் அறையைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க நானும் எம்பொண்ணும் கால நீட்டுனாலே கதவு சாத்த வராதே தம்பி."

"பகுதியைச் சொன்னேம்மா." அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா என்ன படிக்குது?"

"படிப்ப நிறுத்தியாச்சு. வீட்டுலயே பட்டன் தைக்குது. யார்கிட்டயும் பேசாது."

'மௌனமாக்கப்பட்ட வர்க்கம்' என்று குறித்துக்கொண்டார். எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். ஆனால் ஒரு வர்க்கத்தின் மௌனமே என் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தெருவின் வீடுகளெல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். தோழர்கள் அவரிடம் வாடகைக்கு அறை கேட்டார்கள். அவர் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னார். தோழர்கள் கொடுத்துவிட்டார்கள். பேரம் பேசுவது கடைத்தெரு மனோபாவம் என்பது கட்சியின் நிலைப்பாடு. வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார்.

"சோஷலிசத்த இத்தன நாளா தப்பா நெனச்சுட்டேங்க. அதுல இவ்ளோ நல்லது இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!" என்று அன்றே உறுப்பினர் ஆனார்.

லாரிக்காரரின் அறைக்கு ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். தச்சரின் அறைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். புது வாடகை கட்ட முடியாதவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனார்கள். இதைத் தோழர்கள் 'விழிப்புணர்வின்மை' என்று வகைப்படுத்தினார்கள். ஞாயிறுதோறும் நடந்த உழைப்பாளர் படிப்பு வட்டத்தில் பேசுகிறவர்கள் பெருகப் பெருக, கேட்கிறவர்கள் குறைந்து, கடைசியில் அம்மாவும் நானும் மிஞ்சினோம். பத்துப் பன்னிரண்டு பேர் மாறிமாறி அம்மாவை விடுதலை செய்தார்கள். அம்மா தூங்கிவிட்டாள். கூட்டக் குறிப்பில் 'ஆழ்ந்த உள்வாங்கல்' என்று பதிவாயிற்று.

அப்புறம் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கும் வந்தார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கக்கா. இந்த அறையையும் கேட்டுட்டாங்க."

அம்மாவுக்கு அறை போவது மட்டும் கவலையில்லை. தொழிற்சாலையில் சங்கு ஊதி அடங்குவதற்குள் வாயிலைத் தாண்ட வேண்டும். தாண்டாதவர்களுக்கு வேலை இல்லை. எங்கள் தெருவிலிருந்து ஓடினால் சரியாக இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வருவதென்றால் பஸ் மாறி வர வேண்டும். பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். சங்கு காத்திருக்காது.

அம்மா செயலாளரிடம் போனாள். "தம்பி, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு கேப்பாரு. இங்கேருந்து போனா பொழப்பே போயிடும்."

தோழர் கொதித்தெழுந்தார். அவசரக் கூட்டம் கூடியது. அம்மாவையும் என்னையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"ஒரே ஒரு குடும்பத்துக்காகப் போராடினா அது வெறும் சீர்திருத்தவாதம்" என்றார் பொருளாதார நிபுணர்.

"அதெல்லாம் அப்புறம். அந்த அறை யாருக்குப் போகுது? அந்தச் சுரண்டல்காரன் யாருன்னு முதல்ல தெரியணும்" என்று மேசையைக் குத்தினார் மொழிபெயர்ப்பாளர்.

பின்வரிசையிலிருந்து வீட்டுக்காரர் கை தூக்கினார். "உங்களுக்குத்தாங்க. நீங்க எல்லாருந்தான ஆபீசுக்குன்னு முன்பணம் குடுத்தீங்க?"

மொழிபெயர்ப்பாளர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"எந்த ஆபீஸ்?" என்றார் செயலாளர், குரல் இறங்கி.

"குடியிருப்போர் உரிமைப் பாதுகாப்பு ஆபீஸ்."

நீண்ட விவாதம் நடந்தது. அலுவலகம் இல்லாமல் குடியிருப்போரைப் பாதுகாக்க முடியாது; ஆகவே எங்களைப் பாதுகாக்க வேண்டுமானால் நாங்கள் காலி செய்வது வரலாற்றுத் தேவை என்று தெளிவாயிற்று. கூடவே, வீட்டுக்காரர்களைக் கண்டித்து ஒரு கடுமையான தீர்மானமும் நிறைவேறியது. ஒருமனதாக. வீட்டுக்காரரும் கை தூக்கினார்.

"நல்லாப் பேசுனீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா மூட்டை கட்ட எழுந்து வந்தாள்.

நாங்கள் கிளம்பிய அன்று செயலாளர் தோழர் தாமே வந்து தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். இன்னொரு பக்கம் அம்மா. தள்ளுவண்டி தெருமுனையில் நின்றது. தோழர் வாட்டமாக இருந்தார். எங்கள் பகுதி முழுக்க முழுக்கச் சோஷலிஸ்டுகளின் பகுதியாகிவிட்டது என்று தலைமைக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். அங்கே இப்போது எத்தனை உழைப்பாளிகள் இருக்கிறார்கள் என்று தலைமை திருப்பிக் கேட்டிருந்தது.

"எங்கம்மா போறீங்க?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அங்க உழைப்பாளிங்க நிறைய இருப்பாங்களோ?"

அம்மா நின்றாள். லாரிக்காரரும் தச்சரும் எங்களுக்காக அங்கே ஓர் அறை பார்த்து வைத்திருந்தார்கள்.

"ஐயோ, ஒருத்தர்கூட கெடையாதுப்பா" என்றாள். "அங்க எல்லாரும் முதலாளிங்க. இனிமே நாங்களுந்தான்."

தோழர் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார். முதலாளிகளின் சுமையை அவர் எதற்குத் தூக்க வேண்டும்? அவர் பிடித்த பக்கத்தை நான் பிடித்தேன்.